விட்டிட்டன் மிஸ்ஸி

போன மாதம் ஒரு காலை தர்சிகா தொலைபேசியில் அழைத்தாள். என்னிடம் வேலை பழகிய தாதி. நான் வேலையில் இருந்து இளைப்பாறிய பிறகு எங்கள் உளநல விடுதியின் பொறுப்பு அவளிடம் போயிருக்கிறது. புதிதாக நியமனம் பெற்றவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கிறார்களாம். நான் வந்து அரை மணித்தியாலம் பேச வேண்டுமாம்.

"என்னத்தைப் பற்றி?" என்றேன்.

"சிகரட்டைப் பற்றித்தான் மிஸ். 'மனவுறுதியால் புகைத்தலை வெல்வோம்.' பனர் எல்லாம் அடிச்சாச்சு."

எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது.

"உந்தத் தலைப்பெண்டால் நான் வரமாட்டன்."

"ஏன் மிஸ், நல்ல தலைப்புத்தானே?"

"கோதாரித் தலைப்பு. அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் நான் ஒரு பொடியனைச் சாகக் குடுக்கப் பாத்தனான்."

"அப்ப அதையே எழுதித் தாங்கோ மிஸ். நான் வாசிச்சுக் காட்டிறன். பனரை மட்டும் மாத்தச் சொல்லாதேங்கோ, காசு குடுத்தாச்சு" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். பதாகையைப் பார்க்காமல் இதைக் கேட்டால் போதும்.

தாதிப் பயிற்சி மூன்று வருடம். அதில் உளநலத்துக்குச் சில கிழமைகள். புகைத்தலுக்கு ஒரே ஒரு பாடம்: நுரையீரல், இதயம், வாய்ப் புற்றுநோய். அந்தப் பாடத்தில் மூளை என்ற சொல் வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. படித்ததை ஒப்புவித்தேன், சித்தியடைந்தேன், சில இடமாற்றங்களுக்குப் பிறகு குடாநாட்டில் ஒரு வைத்தியசாலையின் உளநல விடுதிக்கு வந்து சேர்ந்தேன். கரவெட்டியில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். விடுதியில் தாதி என்றால் எல்லோருக்கும் 'மிஸ்ஸி'தான்.

அங்கே எனக்குத் தந்த சாவிக்கொத்தில் ஒரு மேசை லாச்சியின் சாவியும் இருந்தது. திறந்தால் உள்ளே முழுக்க சிகரட்டும் பீடியும். நோயாளிகளின் வீட்டார் கொண்டுவந்து தருவார்கள், நாங்கள் பூட்டி வைப்போம். குளித்தால் ஒன்று. குளிசையை மறுக்காமல் விழுங்கினால் ஒன்று. சத்தம் போடாமல் இருந்தால் பின்னேரம் இன்னொன்று. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எனக்கு முன்னிருந்தவர்கள் அப்படிச் செய்தார்கள், நானும் செய்தேன். விடுதி அமைதியாக இருந்தது.

சுகாதார வாரம் வந்தால் அதே நான்தான் மண்டையோட்டுப் படம் கீறி விறாந்தைச் சுவரில் ஒட்டுவேன். படத்துக்குக் கீழே ஆட்கள் இருக்க ஒரு நீள வாங்கு போட்டிருந்தது. எங்கள் ஆட்கள் அந்த வாங்கில் இருந்துதான் சிகரட் பத்தினார்கள். ஒருவர் படத்தை நிமிர்ந்து பார்த்து, "வடிவாய்க் கீறியிருக்கிறியள் மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு நெருப்புப் பெட்டி கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு சொல்லியும் இவர்களுக்கு ஏன் ஏறவில்லை? இதுதான் என் கேள்வி. பல வருடமாக இதே கேள்விதான்.

பிறகு எங்களுக்கு ஒரு புதிய உளமருத்துவர் வந்தார். மெலிந்த மனிதர், மிகவும் தாழ்ந்த குரல். பேனையால் எழுதமாட்டார், பென்சிலால்தான் எழுதுவார். வந்த முதல் நாள் அந்த லாச்சியைத் திறந்து பார்த்தார்.

"உது என்ன மிஸ்ஸி?"

சொன்னேன்.

"ஆருக்கு எவ்வளவு எண்டு ஆர் எழுதித் தந்தது?"

"ஒருத்தரும் எழுதேல்லை டொக்டர். நாங்களாய்க் குடுக்கிறது."

"அப்ப சீட்டு இல்லாமல் மருந்து குடுக்கிறியள்."

சிகரட்டை மருந்து என்கிறாரே, பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. லாச்சியை மெல்ல மூடினார்.

அவருடைய காலைச் சுற்றை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் நோயாளிகளில் சிலருக்குக் குளோசபின் என்ற மருந்து. மற்ற மருந்துகளால் அடங்காத குரல்களை அது அடக்கும். ஆனால் செல்லமாக வைத்துப் பார்க்க வேண்டிய மருந்து. தொடங்கும்போது கிழமைக்குக் கிழமை இரத்தம் எடுத்து வெள்ளை அணுக்களை எண்ண வேண்டும். கூடிப் போனால் ஆளைத் தூங்கவைத்து, எச்சில் வடியவைத்து, மலச்சிக்கலாக்கி, வலிப்பிலும் கொண்டுபோய் விடும். அந்த நோயாளிகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு டொக்டர் இருப்பார். நின்றபடி ஒருநாளும் கதைக்கமாட்டார். எல்லோரிடமும் அதே நான்கு கேள்வி, அதே ஒழுங்கில்.

"நித்திரை எப்பிடி? விடியத் தலையணை ஈரமோ? வயித்தாலை போனதோ? நேற்று எத்தினை பத்தினீங்கள்?"

கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத ஒவ்வொருவரின் நோயாளி அட்டையிலும் தன் கையாலேயே ஒரு கோடு கீறி வைத்திருந்தார். விட வேண்டும் என்று சொல்லமாட்டார். முகத்தைச் சுழிக்கமாட்டார். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு என்று எழுதுவார். நாற்பது என்றாலும் அப்படித்தான், ஏதோ கத்தரிக்காய் எத்தனை என்று கேட்டவர் மாதிரி.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். "டொக்டர், விடச் சொல்லுறதை விட்டிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறம்."

"விடச் சொல்ல ஊரே இருக்குது மிஸ்ஸி. எண்ணத்தான் ஒருத்தரும் இல்லை."

பிறகு காரணத்தைச் சொன்னார். சிகரட்டின் புகை ஈரலை உசுப்பிவிடும். உசும்பின ஈரல் குளோசபினை வேகமாக அழிக்கும். ஆகவே நிறையப் புகைப்பவருக்குக் கூடுதல் மருந்து தேவைப்படும். அவர் திடீரென்று புகைப்பதை நிறுத்தினால் ஒரு கிழமைக்குள் ஈரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அப்போது அதே மருந்து அளவுக்கு மிஞ்சிய மருந்தாகிவிடும். இரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பார்க்கும் வசதி எங்களிடம் அப்போது இல்லை. அந்த எண்ணிக்கை ஒன்றுதான் எங்களுக்குக் கண்.

கேட்டேன். தலையாட்டினேன். கொப்பியிலும் எழுதினேன். எழுதியதோடு சரி.

இனி அன்ரனியின் கதை.

அன்ரனி மயிலிட்டிக் கடற்றொழில் குடும்பம். போரில் இடம்பெயர்ந்து பருத்தித்துறைப் பக்கம் பல வருடம் இருந்துவிட்டு, இராணுவம் ஊரைத் திறந்துவிட்ட பிறகு திரும்பிப் போனவர்கள். தகப்பன் இல்லை. தாய் பிலோமினா அக்கா. தமக்கை ஒருவர் கனடாவில். அன்ரனிக்கு இருபத்தொரு வயதில் குரல்கள் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. எங்களிடம் வந்தபோது முப்பது தாண்டிவிட்டது. குளோசபின் அவரை மெல்ல மெல்ல மீட்டுத் தந்தது. கடலுக்குப் போக விடவில்லை, ஆனால் துறைமுகத்தில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்தார். நல்ல கைவேலை, நல்ல பெயர்.

நாளுக்கு ஒரு பெட்டி சிகரட் பத்துவார்.

மாதாந்தக் கிளினிக்கில் எண்ணிக்கை எழுதுவது என் வேலை. நான் எண்ணிக்கை கேட்ட விதத்தைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

"எத்தினை?"

"இருவது மிஸ்ஸி."

"இருவது! கொம்மா மீன் வித்துக் கொண்டுவாற காசை நெருப்பு வைச்சுக் கொளுத்திறீர். வெக்கமில்லையோ? ஒரு மனவுறுதி வேண்டாமோ மனிசனுக்கு? குரலையே அடக்கிப் போட்டீர், உந்தச் சிகரட்டை அடக்க ஏலாதோ?"

மற்றவர்கள் எல்லோரும் வாங்குகளில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அன்ரனி தலையைக் குனிந்துகொண்டிருப்பார். மூன்று மாதம் இப்படிப் பேச்சு வாங்கினார். நாலாம் மாதம் கதிரையில் இருக்கும்போதே சொன்னார்:

"விட்டிட்டன் மிஸ்ஸி."

நான் பூரித்துப் போனேன். விரலைப் பார்த்தேன். மஞ்சள். சட்டைப் பையைப் பார்த்தேன். பெட்டியின் மூலை தெரிந்தது.

"உந்தக் கதையை வேறை ஆருக்கும் சொல்லும்," என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அதே வசனம். "விட்டிட்டன் மிஸ்ஸி." நான் விரலைப் பார்ப்பேன், முறைப்பேன், அட்டையில் இருபது என்று எழுதுவேன். டொக்டரிடம் ஒருமுறை முறையிட்டேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "ஏசாதேங்கோ மிஸ்ஸி. ஏசினா எண்ணிக்கை பிழைச்சுப் போம்" என்றார். இந்த மனிதர் இப்படி மெத்தென்று இருப்பதால்தான் ஒருவரும் திருந்துகிறார்கள் இல்லை என்று நான் நினைத்தேன். அதோடு என் எண்ணிக்கை பிழையாகவும் போகவில்லை. அன்ரனி பூச்சியம் என்பார், நான் இருபது என்று எழுதுவேன், இருபதுதான் உண்மை. ஒரு வருடத்துக்குக் கிட்ட அப்படியே போனது.

பிறகு ஒரு மாசி மாதக் கிளினிக். டொக்டர் அந்தக் கிழமை கொழும்புக்குப் போயிருந்தார். பதிலுக்கு வந்த இளம் டொக்டர் அட்டையில் இருப்பதைப் பார்த்துப் பழைய மருந்தையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். சனம் விறாந்தை நிறைய. அன்ரனி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து வந்தார்.

"எத்தினை?" என்றேன்.

"விட்டிட்டன் மிஸ்ஸி." நாக்குக் கொஞ்சம் தடித்துக் கேட்டது.

பிலோமினா அக்கா முந்திக்கொண்டார். "மெய்யாய்த்தான் மிஸ்ஸி. தவக்காலம் தொடங்கின நாளிலை இருந்து தொடேல்லை. விபூதிப் புதனண்டு கோயிலிலை வைச்சு நேர்ந்தவன்."

"நீங்களும் சேர்ந்து பொய் சொல்லாதேங்கோ அக்கா. விரலைப் பாருங்கோ."

விரல் மஞ்சளாகத்தான் இருந்தது. வருடக்கணக்காக ஏறிய கறை பத்துப் பன்னிரண்டு நாளில் போகாது என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

"நித்திரை கூடிப் போச்சு மிஸ்ஸி," என்றார் தாய். "தலையணையும் தெப்பமாய் நனையுது."

டொக்டர் இருந்திருந்தால் அந்த இரண்டு வசனத்துக்கும் பென்சிலைக் கீழே வைத்திருப்பார். நான், "உந்த மருந்துக்கு அப்பிடித்தான் இருக்கும், தலையணைக்கு ஒரு துவாயைப் போட்டு விடுங்கோ" என்று சொல்லிவிட்டு, அட்டையில் இருபது என்று எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஐந்து நாள் கழித்து, காலையில், மயிலிட்டித் துறைமுகத்தில் வலைக்கு நடுவே அன்ரனிக்கு வலிப்பு வந்தது. கூட வேலை செய்தவர்கள் ஓட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வரும் வழியில் இன்னொரு வலிப்பு. எச்சில் நுரையீரலுக்குள் போய்ச் சளிக் காய்ச்சலும் பிடித்துக்கொண்டது. நான் மருத்துவ விடுதிக்கு ஓடிப் போனபோது ஒட்சிசன் போட்டிருந்தார்கள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

டொக்டர் அன்று காலைதான் திரும்பி வந்திருந்தார். நேரே கட்டிலடிக்கு வந்தார், கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார், அட்டையைக் கேட்டார்.

"இருவது எண்டிருக்குது. இது அவர் சொன்னதோ, நீங்கள் எழுதினதோ?"

"நான் எழுதினது."

"அவர் என்ன சொன்னவர்?"

"விட்டிட்டன் எண்டவர். ஆனால் டொக்டர், அவர் எப்பவும் அப்பிடித்தானே..."

டொக்டர் தாயிடம் திரும்பி எந்த நாளில் இருந்து என்று கேட்டு, விரல் மடித்து நாட்களை எண்ணினார். இருபதைப் பென்சிலால் மெல்லிதாக வெட்டிவிட்டுப் பக்கத்தில் பூச்சியம் போட்டார். குளோசபினை உடனே நிறுத்தச் சொன்னார், காய்ச்சலும் இரத்தத்தில் மருந்தை இன்னும் ஏற்றிவிடும் என்று மருத்துவ விடுதி டொக்டருக்கு விளங்கப்படுத்தினார். என்னை ஏசவில்லை. ஒரு சொல் ஏசியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஏசியது பிலோமினா அக்கா. விறாந்தையில் எல்லோருக்கும் கேட்க.

"விடு விடு எண்டு என்ரை பிள்ளையின்ரை கழுத்தை நெரிச்சனீங்கள் மிஸ்ஸி! விட்டான். விட்டவுடனை விழுந்திட்டான். விட்டதைச் சொன்னான், பொய்யெண்டியள். என்னையும் பொய்காரி எண்டியள். இப்ப சொல்லுறன், கண் முழிக்கட்டும், நானே கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி அவன்ரை வாயிலை வைக்கிறன்!"

அங்கே நின்ற ஒரு சிற்றூழியரும் சேர்ந்துகொண்டார்: "மெய்தான் அம்மா, ஒண்டைப் பத்த வைச்சா எல்லாம் சரியாகிடும்." எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது.

டொக்டர் வெளியே வந்தார். "மிஸ்ஸி, நீங்கள் அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கோ" என்றார்.

வாயைத் திறந்தேன். இத்தனை வருடச் சேவை. எனக்குள் இருந்தது நுரையீரலும் மண்டையோடும் மனவுறுதியும்தான். டொக்டரே தாயை வாங்கில் இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தார்.

"அம்மா, இதிலை ரெண்டு சங்கதி இருக்கு. ஒண்டு ஈரல், ஒண்டு மூளை. மகனை விழுத்தினது ஈரல் சங்கதி. அதுக்கு மருந்தைக் குறைச்சாச் சரி. சிகரட் தேவையில்லை. அவர் விட்டதிலை ஒரு பிழையும் இல்லை. விட்டதை நாங்கள் கணக்கெடுக்காததுதான் பிழை."

"நாங்கள்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

"மூளைச் சங்கதி வேறை. சிகரட்டுக்குள்ளை நிக்கொட்டின் எண்டு ஒரு பொருள் இருக்கு. இழுத்துச் சில செக்கன்ட்டிலை அது மூளைக்குப் போயிடும். அது போய் இருக்கிறதுக்கெண்டு மூளையிலை இடங்கள் இருக்கு. இருந்தவுடனை டோபமின் எண்டு இன்னொண்டு சுரக்கும். அதுதான் மனிசனுக்கு ஒரு தென்பைக் குடுக்கிறது. நெடுகப் பத்தப் பத்த மூளை என்ன செய்யுது? இன்னும் கனபேர் வருவினம் எண்டு நினைச்சு அந்த இடங்களைக் கூட்டிப் போடுது. விடிய எழும்பேக்கை அவ்வளவும் வெறுமையாய்க் கிடந்து கத்தும். அந்த முதல் சிகரட்டிலை வாறது சந்தோசம் இல்லை அம்மா. கத்தல் நிக்கிறது. அவ்வளவுதான்."

பிலோமினா அக்கா அழத் தொடங்கினார். "என்ரை பிள்ளைக்கு மனவுறுதி இல்லை எண்டுதானே ஐயா எல்லாரும் சொன்னவை."

"பத்து வருசமாய்க் குரல் கேட்டும் எழும்பி வந்து வலை பொத்தின ஆளுக்கு மனவுறுதி இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வராது அம்மா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்ரனி மூன்றாம் நாள் வடிவாகக் கண் விழித்தார். காய்ச்சல் குறைய ஒரு கிழமைக்கு மேல் ஆனது. குளோசபினைத் திரும்பவும் சின்ன அளவில் இருந்து தொடங்கி, பழைய அளவின் கிட்டத்தட்டப் பாதியில் நிறுத்தினார்கள். பாதியிலேயே குரல்கள் அடங்கியிருந்தன. ஒரு மத்தியானம் அவருக்குச் சோறு தீத்தப் போனேன். ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளும் தம்பி" என்றேன். சொல்லிப் பழக்கமில்லாத சொல்.

"பரவாயில்லை மிஸ்ஸி. முந்திச் சொன்னதெல்லாம் பொய்தானே."

"ஏன் பொய் சொன்னனீர்?"

"நீங்கள் ஏசுவியள். எல்லாருக்கும் முன்னாலை."

சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தேன். அவர் தானாகவே கதைத்தார். தவக்காலத்தின் முதல் நாட்கள் எப்படி இருந்தன என்று அதுவரை ஒருவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. மூன்றாம் நாள் கை நடுங்கி ஊசி பிடிக்க முடியவில்லையாம். கோபத்தில் பாதி பொத்திய வலையைக் கத்தியால் அறுத்துவிட்டாராம். இரவெல்லாம் எழும்பிக் கிணற்றடிக்கும் வாசலுக்கும் நடந்தாராம்.

"தலைக்குள்ளை ஆரோ நிண்டு கதவைத் தட்டின மாதிரி மிஸ்ஸி. குரல் இல்லை. குரலை எனக்குத் தெரியும், அது ஆள் மாதிரிக் கதைக்கும். இது கதைக்கேல்லை. சும்மா தட்டிக்கொண்டே நிண்டது."

"பிறகு?"

"பிறகு நித்திரை வரத் தொடங்கினது. தட்டினது நிண்டிட்டுது எண்டு சந்தோசப்பட்டன்."

அந்த நித்திரைதான் மருந்து ஏறிய நித்திரை. அதைத்தான் தாய் என்னிடம் சொன்னார். நான் துவாய் போடச் சொன்னேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை வைத்தியசாலை வாகனத்தில் மயிலிட்டிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். மருந்து பாதியாகி இருக்கிற நேரம். மறுபடி புகைக்கத் தொடங்கினால் அந்தப் பாதி காணாது, குரல்கள் திரும்பும். முற்றத்தில் வலை விரித்து வேலை செய்துகொண்டிருந்தார். தாய் கதிரை கொண்டுவந்து போட்டார். நான் டொக்டர் செய்வது போலக் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துக்கொண்டேன்.

"நித்திரை எப்பிடி? தலையணை ஈரமோ? வயித்தாலை போனதோ?" பிறகு, "நேற்று எத்தினை?"

ஊசி நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"மூண்டு."

எனக்கு உச்சியில் அடித்த மாதிரி இருந்தது. வலிப்பு, காய்ச்சல், ஒட்சிசன், தாய் விறாந்தையில் கத்தியது, எல்லாம் பட்டுவிட்டு இந்த மனிதன் திரும்பவும் போய் மூன்று பத்தியிருக்கிறார். வாய் முழுக்கச் சொல் நிரம்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று என்று எழுதினேன். எழுத்துக் கோணல் மாணலாகப் போனது.

பிலோமினா அக்கா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "மூண்டோ! எனக்கு ஒண்டுமில்லை எண்டவன். அறுவானே! மிஸ்ஸி, எழுதிக்கொண்டிருக்கிறியளே, ஏசுங்கோ இவனை!"

"நான் ஏசமாட்டன் அக்கா."

"அண்டைக்கு அவ்வளவு ஏசினியள், இண்டைக்கு ஏன் ஏலாது? நல்லாய் நாலு பேச்சுப் பேசுங்கோ!"

"ஏசினா அடுத்தமுறை பூச்சியம் எண்டு சொல்லுவார். உங்களுக்குச் சொன்ன மாதிரி."

தாய்க்கு என்னில் கோபம். எனக்கு அவரில் கோபம். அன்ரனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அங்கிருந்தே டொக்டருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "மூண்டு. சரி, மருந்தை மாத்தத் தேவையில்லை. பத்துக்கு மேலை போனாச் சொல்லுங்கோ" என்றார்.

பத்துக்கு மேலும் போனது. மருந்தைக் கூட்டினோம். எட்டுக்கு வந்தது, குறைத்தோம். திரும்ப ஏறியது. அந்த வருடம் முழுவதும் நான் எண்ணிக்கை எழுதினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் எனக்குக் கோபம் வந்தது. திருந்தி நான் சாந்தமான மனுசியாகிவிட்டேன் என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சட்டி பானையில் காட்டினேன். கிளினிக்கில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நான் கோபத்தை வாய்க்குள் வைத்திருக்கப் பழகிய பிறகு இன்னொன்றும் நடந்தது. மற்றவர்களின் எண்ணிக்கையும் கூடத் தொடங்கியது. ஐந்து என்று சொல்லி வந்தவர் பதினைந்து என்றார். ஒன்றுமில்லை என்றவர் பீடியைக் கணக்கில் எடுப்பதா என்று கேட்டார். யாரும் புதிதாகப் புகைக்கத் தொடங்கவில்லை. அத்தனை வருடமும் எனக்குப் பயந்து அத்தனை பேரும் பொய் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பொய்களை வைத்து நாங்கள் மருந்து அளந்திருக்கிறோம். மற்றவர்களில் ஒருவரும் விழாதது அவர்களின் அதிர்ஷ்டம்.

மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு அன்ரனி தானாகவே வந்து கேட்டார், இந்தமுறை ஒழுங்காக விட வேண்டும் என்று. தமக்கை கனடாவில் இருந்து நிக்கொட்டின் சுயிங்கம் அனுப்பியிருந்தார். அதை மெல்லலாமா என்று கேட்டார். டொக்டர் ஓம் என்றார். கத்துகிற மூளைக்கு அது கொஞ்சம் தீனி போடும், பிறகு மெல்ல மெல்லக் குறைக்கலாம். ஆனால் ஈரலை உசுப்புவது புகைதான், நிக்கொட்டின் இல்லை. ஆகவே சுயிங்கம் மென்றாலும் புகை குறையக் குறையக் குளோசபினையும் குறைத்தே ஆக வேண்டும். நாட்களைப் போட்டு ஒரு தாள் எழுதித் தந்தார். நான் இரண்டு நாளுக்கு ஒருமுறை தொலைபேசியில் எண்ணிக்கை கேட்டேன். பன்னிரண்டு. பன்னிரண்டு. ஒன்பது. ஒரு நாள் பதினான்கு. அன்று மச்சான் ஒருவரின் கலியாணம். ஆறு. நான்கு.

அடுத்த கிளினிக்கில் சரியான மழை. நனைந்த சனம் விறாந்தையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அன்ரனி வந்து கதிரையில் இருந்தார். நித்திரை நல்லது, தலையணை காய்ந்தது, வயிறு பரவாயில்லை.

"நேற்று எத்தினை?"

"ஒண்டுமில்லை மிஸ்ஸி."

"முந்தநாள்?"

"ஒண்டுமில்லை. ஐஞ்சு நாள்."

நான் பூச்சியம் போட்டு, பக்கத்தில் ஐந்து நாள் என்று எழுதி, அட்டையை டொக்டரிடம் நீட்டினேன். அவர் பென்சிலால் மருந்தில் இன்னும் ஒரு குளிசையைக் குறைத்தார். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட வாயெடுத்தேன். அன்ரனி எழும்பவில்லை. மேசைக்கு மேலால் எட்டி, தான் சொன்னதைத்தான் நான் அட்டையில் எழுதியிருக்கிறேனா என்று எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் எழும்பினார்.